ஆங்கிலவழி வகுப்பில் தமிழ்வழி மாணவர் குறிப்பெடுத்தல்

குறிப்பெடுத்தல் என்பது ஒருவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அதில் தேவையானதைத் தேர்ந்து, சுருக்கி, பிறகு தானே படித்துப் புரிந்துகொள்ளும் வகையில் எழுதி வைப்பது. காதில் விழும் சொற்களை எல்லாம் அப்படியே எழுதுவது குறிப்பெடுத்தல் ஆகாது, அது சொல்வதெழுதுதல். தாய்மொழியில் பாடம் கேட்கும் மாணவருக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தோன்றுவதில்லை. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் முதன்முதலாக ஆங்கில விரிவுரையைக் கேட்கும் மாணவருக்கோ, முதற்பருவத்தில் தேறுவதும் அரியர் வைப்பதும் பல நேரங்களில் இதைப் பொறுத்தே அமைகின்றன. இக்கட்டுரை அத்தகைய மாணவர்களுக்காக எழுதப்பட்டது.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் மருத்துவப் படிப்புக்கும், 2021-இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் சிவில், மெக்கானிக்கல் ஆகிய இரு பிரிவுகளைத் தமிழ்வழியில் தொடங்கியது. ஆயினும் தொழிற்படிப்புகளில் பெரும்பாலான வகுப்பறைகளில் விரிவுரை ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. கலை அறிவியல் கல்லூரிகளிலும் அறிவியல், வணிகவியல் துறைகளில் பெரும்பாலும் இதே நிலை. பள்ளியில் நல்ல மதிப்பெண் எடுத்த மாணவர், பாடம் தெரிந்திருந்தும், மொழியால் பின்தங்கி, 'எனக்குப் படிப்பு வராது' என்று தன்னையே தவறாக எடைபோட்டுக்கொள்வது இந்த இடத்தில்தான் நிகழ்கிறது.

பள்ளியிலிருந்து உடன் வரும் பழக்கம்

நம் பள்ளிகளில் மாணவர் எழுதுவது பெரும்பாலும் இரண்டே வகை. ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவதைப் பார்த்து எழுதுவது ஒன்று. ஆசிரியர் நிறுத்தி நிறுத்திச் சொல்லும் கேள்வி-பதிலை எழுதுவது மற்றொன்று. 'நோட்ஸ் கொடுப்பது' என்ற வழக்குச் சொல்லே இதைக் காட்டிவிடும்: நோட்ஸ் என்பது ஆசிரியர் கொடுப்பது, மாணவர் வாங்கிக்கொள்வது. அதற்கும் மேல் வேண்டுமென்றால் கடையில் உரைநூல் இருக்கிறது. தேர்வுக்கு இம்முறை உதவுகிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் எதை எழுதுவது, எதை விடுவது என்று தீர்மானிக்கும் பயிற்சி இதில் மாணவருக்குக் கிடைப்பதே இல்லை.

கல்லூரிப் பேராசிரியர் நிறுத்தி நிறுத்திச் சொல்வதில்லை. ஆங்கில விரிவுரையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முதல் 150 சொற்கள் வரை பேசப்படும். கையால் எழுதுபவர் நிமிடத்துக்கு 20 அல்லது 30 சொற்களை எழுதினாலே வேகம்தான். எனவே எல்லாவற்றையும் எழுதுவது யாராலும் ஆகாது, ஆங்கிலவழியில் படித்து வந்தவராலும்கூட. இதைத் தெரிந்துகொள்வதே தமிழ்வழி மாணவருக்குப் பெரிய ஆறுதல். பக்கத்து இருக்கையில் இருப்பவரும் எல்லாவற்றையும் எழுதவில்லை. அவருக்கு எதை விடுவது என்று தெரிந்திருக்கிறது, அவ்வளவே.

என்னிடம் பள்ளியில் படித்துப் பின்னர் வேதியியல் பட்டப்படிப்பில் சேர்ந்த மாணவி ஒருவர் தன் குறிப்பேட்டைக் கொண்டுவந்து காட்டினார். முத்து முத்தான கையெழுத்து. ஒவ்வொரு வரியிலும் மூன்று நான்கு ஆங்கிலச் சொற்கள், பிறகு ஒரு நீண்ட கோடு, மீண்டும் அடுத்த வாக்கியத்தின் முதல் மூன்று சொற்கள், மீண்டும் கோடு. வாக்கியத்தின் தொடக்கம் எல்லாம் இருந்தது. முடிவு எதுவும் இல்லை. அவர் சோம்பேறி இல்லை, வகுப்பு முழுவதும் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார். அதனாலேயே எதையும் கேட்க முடியவில்லை.

மனத்துக்குள் மொழிபெயர்ப்பதில் உள்ள இடர்

காது ஒன்றைக் கேட்க, மனம் அதன் பொருளைத் தேட, கை முந்தைய சொல்லை எழுத, மூன்றும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். தாய்மொழியில் பொருள் தேடும் வேலை தானாக நடந்துவிடும். இரண்டாம் மொழியில் அதற்குத் தனி முயற்சி வேண்டியிருப்பதால் மற்ற இரண்டும் தடுமாறுகின்றன.

தமிழருக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆங்கில வாக்கியத்தில் வினை முன்னால் வரும். நிபந்தனைகளும் விளக்கங்களும் பெரும்பாலும் பின்னால் தொடரும். தமிழில் வினை கடைசியில்தான் வரும். 'சுற்றியுள்ள காற்றில் ஈரப்பதம் மிகுந்திருக்கும்போது நீராவிப்போக்கின் வீதம் குறைகிறது' என்பதை ஆங்கிலத்தில் சொன்னால் 'நீராவிப்போக்கின் வீதம் குறைகிறது' என்ற பகுதி முதலில் வந்து, காற்றும் ஈரப்பதமும் கடைசியில் வருவதே இயல்பு. இதை மனத்துக்குள் முழுத் தமிழ் வாக்கியமாக்க முயல்பவர், ஆங்கில வாக்கியம் முடியும்வரை காத்திருந்து, தலைகீழாகப் புரட்டி, பிறகுதான் எழுதத் தொடங்க முடியும். அதற்குள் ஆசிரியர் இரண்டு வாக்கியங்கள் தாண்டியிருப்பார்.

இதற்கு மாற்று, வாக்கியத்தையே கைவிடுவது. மேற்சொன்ன கருத்தைக் குறிப்பேட்டில் இப்படி எழுதினால் போதும்:

ஈரப்பதம் ↑ நீராவிப்போக்கு ↓

இதற்கு எம்மொழியின் இலக்கணமும் தேவையில்லை. எது முதலில் காதில் விழுந்தாலும் அதை எழுதிக்கொண்டு மற்றதை அதன் அருகில் சேர்க்கலாம். காரணத்திலிருந்து விளைவுக்கு ஓர் அம்பு, கூடுதலுக்கு மேல்நோக்கிய அம்பு, குறைவுக்குக் கீழ்நோக்கிய அம்பு, 'சமம்', 'சமம் அன்று' என்பவற்றுக்குக் கணக்கில் பழகிய குறிகள், எடுத்துக்காட்டுக்கு 'எ.கா.'. இந்த ஐந்தாறு குறிகளே போதும். முப்பது நாற்பது குறிகளை மனப்பாடம் செய்யச் சொல்லும் புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றை நினைவில் வைத்திருப்பது இன்னொரு பாடமாகிவிடும்.

எந்த மொழியில் எழுதுவது?

மாணவர்கள் மிகுதியாகக் கேட்கும் கேள்வி இதுதான். 'ஆங்கில வகுப்பில் தமிழில் எழுதினால் ஆங்கிலம் வராமலே போய்விடும்' என்று சிலர் சொல்வர். 'புரிந்தால் போதும், தமிழிலேயே எழுது' என்று வேறு சிலர் சொல்வர். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது.

கலைச்சொல்லை ஆங்கிலத்தில், ஆங்கில எழுத்திலேயே எழுத வேண்டும். அதன் விளக்கத்தை எந்த மொழியில் விரைவாக வருகிறதோ அந்த மொழியில் எழுதலாம். வகுப்பு நேரத்தின் முதல் வேலை பாடம் புரிவது. ஆங்கிலத்தில் பிழையின்றி எழுதும் பயிற்சியை மாலையில் தனியாகச் செய்துகொள்ளலாம். இரண்டையும் ஒரே ஐம்பது நிமிடத்தில் திணிக்கக் கூடாது. அதே வேளையில், கலைச்சொற்களையும் தமிழாக்கியே எழுதி வைத்தவர் தேர்வுக்கு முந்தைய நாள் பாடநூலைத் திறந்தால், தான் எழுதியது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றே கண்டுபிடிக்க முடியாமல் திணறுவார். எனவே கலப்புக் குறிப்பு வெட்கப்பட வேண்டியது அன்று. பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும்; குறிப்பேடு கண்காட்சிக்கு வைப்பதற்கு இல்லை.

தெரியாத சொல் ஒன்று காதில் விழுந்து, அதன் எழுத்துக்கூட்டும் தெரியவில்லை என்றால், கேட்டபடி தமிழ் எழுத்தில் எழுதி வட்டமிட்டு, பக்கத்தில் இடம் விட்டு மேலே போக வேண்டும். அகராதியை அங்கேயே திறக்கக் கூடாது. இதில் ஓர் எச்சரிக்கை: தமிழ் எழுத்தில் வல்லின ஒலி வேறுபாடு தெரியாது. வேதியியலில் காரம் என்று பொருள்படும் 'பேஸ்' என்ற சொல்லும், நடையின் வேகம் என்று பொருள்படும் 'பேஸ்' என்ற சொல்லும் தாளில் ஒன்றாகவே விழும். 'பம்பரம்' என்பதில் இரண்டாவதாக வரும் பகரத்தைப் போல மென்மையாக ஒலித்தால் அந்த எழுத்தின் கீழ் ஒரு சிறு கோடு இட்டுக்கொள்வது மாலையில் அகராதியில் தேடும்போது பெரிதும் உதவும்.

பெயர் மாறிவரும் பழைய பாடம்

முதற்பருவத்தில் தமிழ்வழி மாணவர் புதிது என்று மலைக்கும் பலவும் அவர் ஏற்கெனவே படித்தவை. ஆங்கிலப் பெயரில் வருவதால் அடையாளம் தெரிவதில்லை. 'ஆஸ்மோசிஸ்' என்றால் சவ்வூடு பரவல். 'மொமெண்டம்' என்றால் உந்தம். 'டெரிவேட்டிவ்' என்றால் வகைக்கெழு, 'இன்டக்ரேஷன்' என்றால் தொகையிடல், 'மேட்ரிக்ஸ்' என்றால் அணி. வணிகவியலில் 'லெட்ஜர்' பேரேடு, 'டிரையல் பேலன்ஸ்' இருப்பாய்வு, 'டிப்ரிசியேஷன்' தேய்மானம். பெயர் பொருந்திய கணமே பள்ளியில் படித்த பாடம் முழுவதும் துணைக்கு வந்துவிடும்.

இதற்குத் தமிழ்நாட்டு அரசின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல்களே சிறந்த கருவி. தமிழ்வழி, ஆங்கிலவழி நூல்கள் இரண்டிலும் பாடங்கள் ஒன்றே. இரண்டையும் அரசின் இணையதளத்திலிருந்து இலவசமாகத் தரவிறக்கலாம். பல பாடங்களில் கலைச்சொற் பட்டியலும் உண்டு. கல்லூரி திறப்பதற்கு முந்தைய விடுமுறையில், சேரப்போகும் துறைக்குரிய பாடத்தின் இரு நூல்களையும் பக்கத்தில் பக்கமாக வைத்து, பாடத்துக்கு இருபது சொற்கள் வீதம் ஒரு சிறு நோட்டில் எழுதிக்கொள்ளலாம். பணம் கட்டி 'ஸ்போக்கன் இங்கிலீஷ்' வகுப்பில் சேர்வதைவிட இது வகுப்பறையில் அதிகம் பயன்படும் என்பது என் கருத்து.

பேச்சுவழக்கில் தெரிந்த ஆங்கிலச் சொற்கள் ஏமாற்றுவதும் உண்டு. நம் வீடுகளில் 'ஃபங்ஷன்' என்றால் காதுகுத்து, கல்யாணம். கணித வகுப்பில் அது சார்பு. உயிரியலில் ஓர் உறுப்பின் செயல். தமிழ்ச் சொல்லும் இப்படி ஏமாற்றலாம்: வீட்டில் கைக்குப் பணம் வந்தால் வரவு என்கிறோம், கணக்குப்பதிவியலில் ரொக்கம் வந்தால் ரொக்கக் கணக்கில் அது பற்று. இத்தகைய சொற்களுக்குக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தை ஒதுக்கிவிடலாம்.

துறைச் சொற்களைத் தவிர, எல்லாத் துறைகளிலும் வரும் பொதுவான கல்விச் சொற்களும் உண்டு. நியூசிலாந்தைச் சேர்ந்த மொழியியலாளர் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் இவற்றை 570 சொற்குடும்பங்களாகத் தொகுத்து வெளியிட்டார். ஆங்கிலக் கல்வி நூல்களில் வரும் சொற்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இவையே. பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நாளுக்கு ஐந்து வீதம் படித்தால் நான்கு மாதத்துக்குள் முடித்துவிடலாம்.

கேட்டதும் விழிக்க வேண்டிய சொற்கள்

விரிவுரையில் சில சொற்கள் பாடத்தைச் சொல்வதில்லை. பாடம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைச் சொல்கின்றன. 'ஹவெவர்' என்றால் இதுவரை சொன்னதற்கு மாறானது வருகிறது. அதை எழுத வேண்டும். 'தேர்ஃபோர்' என்றால் முடிவு வருகிறது. கட்டாயம் எழுத வேண்டும். 'இன் அதர் வேர்ட்ஸ்' என்றால் சொன்னதையே வேறு வகையில் சொல்லப் போகிறார். முதல்முறை புரியாதவருக்கு இது இரண்டாவது வாய்ப்பு. புரிந்தவர் கைக்கு ஓய்வு கொடுக்கலாம். 'ஃபார் எக்ஸாம்பிள்' வந்தால் ஒரே சொல்லில் எடுத்துக்காட்டைக் குறித்தால் போதும். ஆனால் அதை விட்டுவிடக் கூடாது. பாடம் மறந்தாலும் எடுத்துக்காட்டு நினைவில் நின்று பாடத்தை இழுத்துவரும்.

மிகவும் ஆபத்தானவை சிறிய எதிர்மறைச் சொற்கள். 'அன்லெஸ்', 'எக்ஸெப்ட்', 'ஹார்ட்லி' ஆகியவை விரைந்த பேச்சில் காதில் சரியாக விழாது. விழாவிட்டால் பொருள் நேர் எதிராகிவிடும். 'ஃபியூ' என்றால் மிகச் சிலவே, இல்லை என்றே சொல்லலாம். 'எ ஃபியூ' என்றால் சில உண்டு. எண்களில் 'தர்ட்டீன்', 'தர்ட்டி' இரண்டும் குழப்பும். எனவே எண்ணைச் சொல்லாக எழுதாமல் இலக்கமாக எழுதி, ஐயம் இருந்தால் பக்கத்தில் கேள்விக்குறி இட வேண்டும். பொருளியல் மாணவர்கள் 1 மில்லியன் 10 லட்சம், 1 பில்லியன் 100 கோடி என்பதைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைக்கலாம்.

தாளைப் பிரிக்கும் முறை

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வால்ட்டர் பாக் என்பவர் வகுத்த முறை இன்றும் பரவலாகக் கற்பிக்கப்படுகிறது. தாளின் இடப்பக்கம் இரண்டரை அங்குல அகலத்தில் ஒரு பத்தி. வலப்பக்கம் ஆறு அங்குலத்தில் குறிப்புகளுக்கான பெரிய பத்தி. அடியில் இரண்டு அங்குல உயரத்தில் சுருக்கத்துக்கான கட்டம். நம் கோடு போட்ட நீள நோட்டில் அச்சிட்டிருக்கும் ஓரக்கோடு இதற்குப் போதாது. ஏறத்தாழ நான்கு விரல் அகலத்தில் நாமே ஒரு கோடு இழுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் மொழியில் கற்பவருக்கு இந்த மூன்று கட்டங்களையும் சற்று மாற்றிப் பயன்படுத்துவது நல்லது. இடப்பத்தி ஆங்கிலக் கலைச்சொல்லுக்கு. வலப்பத்தி கலப்பு மொழி விளக்கத்துக்கு. அடிக்கட்டம் மாலையில் சொந்த ஆங்கிலத்தில் எழுதும் இரண்டு வாக்கியங்களுக்கு.

தாவரவியல் வகுப்பில் ஆஸ்மோசிஸ் பற்றி ஐந்து நிமிடம் பேசப்படுகிறது என்று கொள்வோம். வலப்பத்தியில் விழ வேண்டியது இவ்வளவுதான்: 'நீர் மட்டும் நகரும். வாட்டர் பொட்டென்ஷியல் கூடிய பக்கம் → குறைந்த பக்கம். நடுவே சவ்வு, எல்லாவற்றையும் விடாது. எ.கா. உலர்திராட்சை நீரில் உப்பும். உப்புக் கரைசலில் புதுத் திராட்சை? – சுருங்கும்.' பக்கத்தில் இரண்டு அறைகளும் நடுவே புள்ளிக்கோடும் கொண்ட ஒரு சிறு படம். இடப்பத்தியில் ஆஸ்மோசிஸ், வாட்டர் பொட்டென்ஷியல், மெம்பரேன் என்ற மூன்று சொற்கள், ஆங்கில எழுத்தில். ஏறத்தாழ இருபது சொற்களில் ஐந்து நிமிடம் அடங்கிவிட்டது. மிகுந்த நேரம் கேட்பதற்குக் கிடைத்தது.

தவறவிட்ட இடத்தில் இரண்டு வரி வெற்றிடம் விட வேண்டும். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கப் போனால் விட்டது ஒன்றுக்குப் பதிலாக மூன்றாகும்.

அன்று மாலை

ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி 1885-இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு, மறதி முதல் சில மணி நேரத்திலும் முதல் நாளிலும்தான் மிக விரைவாக நடக்கிறது, பிறகு மெதுவாகிறது என்பது. பொருளற்ற அசைகளை வைத்து அவர் செய்த சோதனை அது; வகுப்புப் பாடம் அவ்வளவு விரைவில் மறக்காது. ஆனாலும் அரைகுறையாகக் கேட்ட பிறமொழிச் சொற்கள் அந்தப் பொருளற்ற அசைகளிலிருந்து அதிகத் தூரத்தில் இல்லை. ஆகவே வட்டமிட்ட சொற்களையும் வெற்றிடங்களையும் அன்றே நிரப்ப வேண்டும். சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தால், 'பேஸ்' எந்த பேஸ் என்று எழுதியவருக்கே தெரியாது.

ஒரு வகுப்புக்குப் பதினைந்து நிமிடம் போதும். சொல்லைத் தேடுவது, வெற்றிடத்தைப் பாடநூலைக் கொண்டு நிரப்புவது, பிறகு அடிக்கட்டத்தில் இரண்டு ஆங்கில வாக்கியங்கள். இந்த இரண்டு வாக்கியங்களைப் பாடநூலிலிருந்து பார்த்து எழுதக் கூடாது. இலக்கணப் பிழை இருந்தாலும் சொந்தமாக எழுத வேண்டும். ஒரு பருவத்தில் ஒரு பாடத்துக்கு ஐம்பது வகுப்புகள் என்றால் நூறு வாக்கியங்கள் கையில் இருக்கும். தேர்வில் விடை எழுதும் நடை அங்கிருந்துதான் வரும். 2023-இல் பல்கலைக்கழக மானியக் குழு, ஆங்கிலவழிப் படிப்பானாலும் உள்ளூர் மொழியில் தேர்வெழுத அனுமதிக்குமாறு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. தம் கல்லூரியில் அதற்கு வழி உண்டா என்று முதல் மாதத்திலேயே அலுவலகத்தில் கேட்டறிவது நல்லது. அனுமதி இருந்தாலும் கலைச்சொற்களை ஆங்கிலத்தில் அறிந்திருப்பது மேற்படிப்புக்கும் நேர்காணலுக்கும் தேவைப்படும்.

மறுபடி படிக்கும்போது வலப்பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு, இடப்பத்தியின் சொல்லை மட்டும் பார்த்து விளக்கத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தனர்.

கைப்பேசியும் மடிக்கணினியும்

பலகையைக் கைப்பேசியில் படம் எடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. சிக்கலான படத்துக்கும் நீண்ட சமன்பாட்டுக்கும் அது சரி. ஆனால் எடுத்த படத்தைப் பிறகு யாரும் திறந்து பார்ப்பதில்லை என்பதே நடைமுறை. விரிவுரையை ஒலிப்பதிவு செய்வதற்கு ஆசிரியரின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் ஐம்பது நிமிடப் பதிவைக் கேட்க மீண்டும் ஐம்பது நிமிடம் வேண்டும். நாளுக்கு ஐந்து வகுப்பு என்றால் அது நடக்கிற காரியம் இல்லை. வெற்றிடம் விட்ட இடங்களை மட்டும் தேடிக் கேட்பதற்குப் பதிவு பயன்படும்.

மடிக்கணினியில் குறிப்பெடுப்பவர்கள் பேசுவதை அப்படியே தட்டச்சு செய்ய முனைகிறார்கள் என்றும், கருத்து சார்ந்த கேள்விகளில் கையால் எழுதியவர்கள் மேலாக விடையளித்தார்கள் என்றும் 2014-இல் முல்லர், ஓப்பன்ஹைமர் ஆகியோரின் ஆய்வு கூறியது. பின்னர் நடந்த மறு ஆய்வுகளில், அப்படியே எழுதும் போக்கு மீண்டும் காணப்பட்டாலும், மதிப்பெண்ணில் அவ்வளவு தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. அம்புக்குறியும் சிறு படமும் இரு மொழிகளும் கலந்து எழுத வேண்டியவருக்குக் காகிதமே எளிது.

வீட்டில் பழகுவதற்கு ஐ.ஐ.டி. நிறுவனங்களும் இந்திய அறிவியல் நிறுவனமும் இணைந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். விரிவுரைகள் ஏற்றவை. கட்டணமின்றிப் பார்க்கலாம், பல விரிவுரைகளுக்கு எழுத்து வடிவமும் உண்டு. பத்து நிமிடம் மட்டும் கேட்டுக் குறிப்பெடுத்து, பிறகு எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டு, எந்த இடங்களில் காது தவறியது என்று பார்க்க வேண்டும். முதலில் வேகத்தை 0.75 ஆகக் குறைத்துக் கேட்கலாம். சில வாரங்களில் இயல்பான வேகத்துக்கு மாறிவிட வேண்டும், ஏனெனில் வகுப்பில் ஆசிரியரின் வேகத்தைக் குறைக்கும் பொத்தான் கிடையாது.

வகுப்புக்குப் போகாத நாளின் குறிப்பை நண்பரிடம் வாங்கி நகலெடுத்துக்கொள்வது எல்லாரும் செய்வது. பிறருடைய குறிப்பில் அவர் எழுதாமல் விட்டது என்ன என்பது நமக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததால் அவர் விட்டிருப்பார். ஆகவே நகலை வாங்கிக்கொண்டு உடனே போய்விடாமல், கேன்டீனில் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, பத்து நிமிடம் அந்தக் குறிப்பைத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்டு, நம் நோட்டில் நம் முறையில் எழுதிக்கொள்ள வேண்டும்.